ஐந்து கிலோ ஈயமும் என் இடுப்பும்

மீன் நிறுப்பதில் என்னை ஏமாற்றக்கூடிய ஆள் ஊர்காவற்றுறையில் இன்னும் பிறக்கவில்லை. முப்பது வருடம் கரையில் நின்று மீன் வாங்கி விற்றவள் நான். பாரைமீனின் வாய்க்குள் வலை ஈயத்தைத் திணித்து நிறை கூட்டிக்கொண்டு வந்த ஒருவனை, மீனைக் கையில் தூக்கிய உடனேயே பிடித்திருக்கிறேன். ('தம்பி, உம்மடை மீன் வலையையும் சேத்து விழுங்கிட்டுதோ?') அப்படிப்பட்ட நான், அறுபத்தெட்டு வயதில், அதே களவை என் சொந்த உடம்பில் செய்தேன். கடைசியில் என்னை நானே பிடித்துக் கொடுத்தேன்.

எல்லாம் முழங்காலால் வந்த வினை. என் இளைய மகள் ஜசிந்தா அனலைதீவில் கலியாணம் கட்டி இருக்கிறாள். அவளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் வள்ளம் ஏற வேண்டும். துறையிலிருந்து வள்ளத்துக்குள் ஒரேயொரு எட்டு. அந்த எட்டை வைக்க என் முழங்கால் சம்மதிக்கவில்லை. மேலே இருவர் பிடிக்க, உள்ளே இருவர் இழுக்க, வள்ளம் ஒரு பக்கம் சரிய, உள்ளே இருந்த சனம் மாதாவைக் கூப்பிட, நான் பேத்திக்குக் கொண்டுவந்த சட்டைப் பையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

எலும்பு டொக்டர் முழங்கால் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐஞ்சு கிலோவாவது குறையுங்கோ அம்மா. அதுக்குப் பிறகுதான் ஒப்பரேசனைப் பற்றிக் கதைக்கலாம்."

நிறை குறைப்பதற்கென்று ஒரு கிளினிக்குக்கும் எழுதித் தந்தார். அங்கே சாப்பாடு பற்றிச் சொல்லித்தர ஒரு மிஸ் இருக்கிறாவாம். முதல் நாள் நிறுத்துக் கொப்பியில் எழுதுவார்களாம். பிறகு மாதம் மாதம் நிறுத்து, எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்களாம். இதை மூத்த மகள் மெற்றில்டா எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்கும்போதே என் மூளை கரைக்குப் போய்விட்டது. குறைய வேண்டியது ஐந்து கிலோதானே. முதல் நாளே ஐந்து கிலோவைக் கூட்டிவிட்டால்?

மாச் சாக்குத் துணியில் இரண்டு பை தைத்தேன். என் மனுசனின் பழைய மீன்வலைகளில் இருந்த ஈயக்குண்டுகளைக் கழற்றி நிரப்பினேன். பாவாடைக்குள்ளால் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். ஈயத்தைப் போல நல்ல சாமான் உலகத்தில் இல்லை. பார்வைக்குக் கொஞ்சம், தராசுக்கு நிறைய.

தொண்ணூற்றொன்று என்று கொப்பியில் எழுதினார்கள். மிஸ்ஸுக்கு என் இளைய மகளின் வயதுகூட இராது. பொறுமையான பிள்ளை.

"அம்மா, பட்டினி கிடக்க வேண்டாம். மெல்ல மெல்லக் குறைப்பம். இரவைக்கு என்ன சாப்பிடுவீங்கள்?"

"புட்டு."

"எவ்வளவு?"

"ஒரு நீத்துப்பெட்டி." (புட்டு அவிக்கிற அந்த ஓலைப்பெட்டி எவ்வளவு பெரிசு என்று அவ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

அடுத்த மாதம் இரண்டு கிலோ ஈயத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மிஸ் கைதட்டினா. வாங்கிலில் உட்கார்ந்து காத்திருந்தவர்களுக்கு என்னைக் காட்டி, "அம்மாவைப் பாருங்கோ, சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறா" என்றா. நானும் விடவில்லை. "மனசில ஒரு உறுதி வேணும் பிள்ளையள்" என்று நாலு பேருக்குப் புத்தி சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பொரிச்ச மீனோடு புட்டுச் சாப்பிட்டேன்.

அந்தக் கிழமை மனுசன் வலைப்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்டார்.

"இஞ்சாரும், என்ரை ஈயம் கொஞ்சம் கிடந்தது. கண்டனீரோ?"

"எலி கொண்டுபோயிருக்கும்."

"ஈயத்தையோ?"

"இப்பத்தை எலியளுக்கு நல்ல பலம்."

இரண்டாம் மாதம் எனக்கு அவசரம் வந்துவிட்டது. ஒப்பரேசன் கடிதம் கிடைத்தால் பேத்தியைப் பார்த்துவிடலாம். மிச்சம் மூன்று கிலோவையும் ஒரேயடியாகக் கழற்றிவிட்டுப் போனேன். தராசு எண்பத்தாறு காட்டியது. நான் கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். மிஸ் பேனையை மேசையில் வைத்தா.

"அம்மா, சாப்பாட்டில மனம் இல்லையோ? களைப்பு இருக்கோ?"

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பொய்க்கு ஒரு ஒட்டுப் போட்டால்தான் எனக்குத் திருப்தி.

"ஓம் பிள்ளை. சோறு தொண்டைக்குள்ளால இறங்குதே இல்லை."

மிஸ் வெளியே எட்டிப் பார்த்தா. "மகளை ஒருக்கா உள்ள வரச் சொல்லுங்கோ."

வெளியே காத்திருந்த மெற்றில்டா வந்தாள். மிஸ் மெதுவாகச் சொன்னா: "இவ்வளவு கெதியா நிறை இறங்கிறது நல்லதில்லை அக்கா. பயப்பிட வேண்டாம். ஆனா ரத்தம் சோதிச்சு, ஸ்கானும் எடுத்துப் பாக்கவேணும். பெரிய டொக்டருக்கு எழுதித் தாறன்."

பஸ்ஸில் மெற்றில்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தேன். சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

நாளைக்குள், எனக்கு ஏதோ பெரிய நோயாம் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கனடாவிலிருந்து மகன் போனில் விம்மினான். அயலட்டைச் சனம் சட்டிகளோடு வரத் தொடங்கியது. பனங்கிழங்கு மாவும் மீனும் போட்டுக் காய்ச்சிய ஒடியற்கூழ், நண்டுக்கறி, பால் விட்ட அப்பம். "பாவம், ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும்" என்று குசினியில் குசுகுசுத்தார்கள். நானும் சாப்பிட்டேன். (அன்போடு கொண்டுவந்ததை வேண்டாம் எண்டு சொல்லேலுமோ?) சோறு தொண்டைக்குள்ளால் இறங்காத மனுசி மூன்று கோப்பை கூழ் குடித்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் நல்ல காற்று. கடல் வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது. மத்தியானம் போல படலை திறந்தது. தலையிலிருந்து கால்வரை நனைந்துபோய் ஜசிந்தா நின்றாள். நெஞ்சோடு பொலித்தீனால் சுற்றிய ஒரு மூட்டை. அவிழ்த்தால், என் பேத்தி. மூன்று மாதம். தலைமயிரெல்லாம் உப்புத்தண்ணீர்.

"அம்மம்மாவை ஒருக்காப் பாக்கட்டும் எண்டு கொண்டுவந்தனான் அம்மா" என்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்தக் கடலில் வள்ளம் எப்படி ஆடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். குழந்தை என் விரலைப் பிடித்தது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"பிள்ளை, நான் சாகேல்லை. நான் கள்ளி."

தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வாய் திறந்தது மனுசன்தான்.

"அப்ப அந்த எலி?"

"நான்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மெற்றில்டா எழும்பிக் குசினிக்குள் போனாள். ஜசிந்தா என் காலை விட்டாள். "இந்தக் காத்துக்குள்ள, இந்தப் பச்சைப்பிள்ளையோட வந்தனான் அம்மா" என்றாள். அவ்வளவுதான். நான் பேத்தியின் தலையில் இருந்த உப்புத்தண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

அடுத்த நாள் ஈயப்பைகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். மேசை 'தொம்' என்றது. கதையைச் சொன்னேன். மிஸ் ஈயத்தைத் தராசில் வைத்தா. சரியாக ஐந்து. என்னை ஏற்றினா. எண்பத்தெட்டு.

"ரெண்டு கிலோ கூடியிருக்கே?"

"அது அயலட்டையின்ரை கூழ் பிள்ளை."

மிஸ் கதிரையில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "என்னை ஏமாத்தினது பறவாயில்லை. உங்கடை முழங்கால் ஏமாறேல்லையே அம்மா." புதுக் கொப்பி ஒன்றை எடுத்தா. "அடுத்தமுறை வரேக்க அந்த நீத்துப்பெட்டியையும் கொண்டுவாங்கோ."

கொண்டுபோனேன். அதைப் பார்த்து மிஸ், "இது ஒரு குடும்பத்துக்கு அவிக்கிறது" என்றா. புட்டை நிற்பாட்டச் சொல்லவில்லை. பாதியாக்கி, மிச்ச இடத்துக்குக் கீரையும் மீன்குழம்பும் போடச் சொன்னா. கூழும் குடிக்கலாம், மாவைக் குறைத்து மீனையும் கீரையையும் கூட்டி. கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியும், காலையில் கோயில் வரை நடையும். ஒரு மாதம் அரைக் கிலோ கூடிவிட்டது. திட்டுவா என்று பார்த்தால், "என்ன நடந்தது, சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டா. 'பெருநாள்' என்றேன். உண்மை சொல்வது எவ்வளவு லேசான வேலை என்று அந்த வயதில்தான் கண்டுபிடித்தேன்.

எட்டுக் கிலோ குறையப் பதினாலு மாதம் எடுத்தது. எலும்பு டொக்டர் ஒப்பரேசனை இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார். பேத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். நான் ஒரேயொரு கையைப் பிடித்துக்கொண்டு, ஒரேயொரு எட்டில் வள்ளத்துக்குள் இறங்கினேன். வள்ளம் சரியவில்லை. அனலைதீவுத் துறையில் ஜசிந்தா பிள்ளையோடு நின்றாள்.

இப்போதும் வீட்டில் நான் என் நிறையைச் சொன்னால் மருமக்கள் உட்பட எல்லோரும் ஒரே குரலில், "ஈயம் கழிச்சோ, கழிக்காமலோ?" என்பார்கள். கிளினிக்கிலும் ஒரு புது ஒழுங்கு வந்திருக்கிறது. தராசில் ஏறமுன் தாதி எல்லோருடைய இடுப்பையும் ஒருதரம் தட்டிப் பார்ப்பா. போன மாதம் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மனுசி முணுமுணுத்தா.

"ஆரோ ஒரு கிழவியாலதானாம் எங்களுக்கு இந்தக் கரைச்சல்."

"ஓம் அக்கா" என்றேன் நான். "இப்பத்தைக் கிழவியள் சரியில்லை."