ஆயுதப் பெட்டிக்குள் அடிக்கும் போன்

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
ஆயுத பூஜை, பிற்பகல்.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் பேச்சிராஜா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பானுமதியின் கணவன் நெல்லையப்பன் பணிவோடு எழுதிக்கொண்டது. தாணேயில் தாங்களும் வீட்டிலுள்ளோரும் சுகமாக இருக்க அம்மன் துணை நிற்கட்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யில் ஆரம்பிக்க வேண்டாம் என்று பானுமதி பக்கத்திலிருந்து சொல்கிறாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். போன் இருக்கிறது. அது பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி திறக்க மாட்டேன் என்கிறது. நீங்கள் போன வாரம் மாற்றிய புது நம்பரும், நம் மகள் இசக்கிசெல்விக்கு நீங்கள் பார்த்த தாணே மாப்பிள்ளையின் அப்பா நம்பரும் அந்தப் போனில் மட்டும்தான் இருக்கின்றன. இன்றைக்குப் போன் பண்ணிச் சம்மதமா இல்லையா சொல்வதாக அவர் வாக்குக் கொடுத்தது உங்களுக்கே தெரியும். காலையிலிருந்து பெட்டி அடித்துக்கொண்டே இருக்கிறது. நானும் உங்கள் தங்கையும் அதன் முன்னால் கைகட்டி நிற்கிறோம்.

எல்லாம் உங்களால் வந்தது. போன தடவை வந்தபோது என் கட்டிலுக்கு அடியில் கிடந்த உளி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்து, "மாப்ளே, இது என்ன ஆயுதமா, கருவாடா?" என்று கேட்டீர்கள் அல்லவா, அது என் நெஞ்சில் தைத்துவிட்டது. ரிட்டையர் ஆன மனுசன் ஆசைப்பட்டு வாங்கி வைத்த சாமான், மழைக்காலம் பூராவும் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் கிடந்தால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? ஆயுத பூஜைக்குள் ஒரு மரப்பெட்டி செய்து, பூஜையையே அதற்குள் நடத்திக் காட்டுவது என்று வீம்பாக இறங்கினேன். நம் வீட்டுக்குள் வைத்துச் செய்தால் பெட்டி உள்ளேயும் நான் வெளியேயும் நிற்க வேண்டும், அதனால் சந்தில் வைத்துச் செய்தேன். கேம்ப்பில் சந்தில் ஒரு வேலை செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, போகிறவர் வருகிறவர் எல்லாம் மிஸ்திரி ஆகிவிட்டார்கள். ஈரம் ஏறாமல் இருக்கக் கால் வைக்கச் சொன்னார் ஒருவர், வைத்தேன், ஆடியது, ஆட்டம் நிற்க அறுக்கச் சொன்னார் இன்னொருவர், அறுத்தேன், அறுத்து முடித்தபோது காலே இல்லை. கீல் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்றார் கீழ்வீட்டுச் செல்லப்பாண்டி. அதற்காக நாலு பக்கமும் ஒரே மாதிரி மரப்பட்டை அடித்துக் கீலை மறைத்தேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே அழகு, மச்சான். காற்றுகூடப் புகாது.

இன்று காலை துரு எல்லாம் தேய்த்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து ஆயுதங்களை உள்ளே அடுக்கினேன். உள்ளே இருட்டாக இருந்ததால் போனில் டார்ச் போட்டு உளிகளுக்கு நடுவே சாய்த்து வைத்தேன். "நல்ல நேரம் முடியப் போவுது, என்னத்த நோண்டிக்கிட்டு இருக்கீய?" என்று பானுமதி சத்தம் போட, மூடியைச் சாத்தினேன். உடனே அவள் பெட்டி கிழக்கு பார்த்து இருக்க வேண்டும் என்றாள். நானும் செல்லப்பாண்டியும் மூச்சுப் பிடித்து அதை அப்படியே திருப்பி, சுவரோடு ஒட்டி வைத்து மாலை போட்டோம். சூடம் காட்டும்போதுதான் பெட்டி அடித்தது.

இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஈரத்தில் மரம் உப்பிவிட்டது என்கிறார் செல்லப்பாண்டி. நெம்புவதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், ஆனால் பூஜையில் வைத்த ஆயுதத்தை நாளை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடமாட்டார்களே. கேம்ப் முழுக்கச் சுத்தியலும் ஸ்பேனரும் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பானுமதி அரிவாள்மணையைக்கூடப் பூஜையில் வைத்துவிட்டதால் இன்று நம் வீட்டில் மோரும் ஊறுகாயும்தான். சரி, பாய் கடையில் கேட்போம் என்று ஜஹாங்கீரின் பட்டறைக்கு ஓடினேன். அவர் வாசலில் நாற்காலி போட்டுப் பொரி தின்றுகொண்டிருந்தார். "கட என்னோடதுதான், வேலைக்காரப் பயலுவ எல்லாம் உங்க ஆளுவல்லா. பூசை போட்டு எல்லாத்தையும் உள்ள வச்சிட்டானுவ. நானே நாளைக்குத்தான் உள்ள போணும்" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். நீங்கள் சொன்னபடி மாப்பிள்ளையின் அப்பா பெரிய ரோஷக்காரர், போனை எடுக்கவில்லை என்பதற்காகச் சொந்தத் தம்பியோடு பேச்சை முறித்தவர். நல்ல பையன், வாஷியில் ஆபீஸ் வேலை, பிள்ளைக்கும் பிடித்திருக்கிறது. ஒரு பெட்டியால் அது போய்விட்டால் நான் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆபீஸ் சிநேகிதியோடு செம்பூர் கோயிலுக்குப் போயிருக்கிற அவளிடம் இன்னும் சொல்லவில்லை. டார்ச் வேறு எரிகிறது, பேட்டரி எந்நேரமும் போகும். இதோ, மறுபடியும் அடிக்கிறது. தாணேக்கு வரும் செல்லப்பாண்டி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கண்டவுடன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், நெல்லையப்பன் திமிரால் எடுக்காதவன் அல்ல, மூடியால் எடுக்காதவன் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். பெரியவர்களுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
பெட்டி முன் காவலிருக்கும்
நெல்லையப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இசக்கிசெல்வி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தன் போனை எடுத்து, "சுரேன், மேல வா" என்றாள். சந்து முனையில் நின்றிருந்தார் மாப்பிள்ளை. செம்பூர் கோயிலுக்குப் போன ஆபீஸ் சிநேகிதி அவர்தானாம். பெட்டியைச் சுற்றி வந்தார், சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்தார், சுவர்ப்பக்கத்தில் ஒரு விரலை வைத்துத் தூக்கினார். திறந்துகொண்டது. கிழக்கே திருப்பியதிலிருந்து நாங்கள் கீல் பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். வந்த அழைப்பெல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்டவர்கள். சம்பந்தி நேற்று இரவே ரோஜாப்பூப் படத்தோடு வாட்ஸ்அப்பில் சம்மதம் அனுப்பியிருக்கிறார், நான்தான் பார்க்கவில்லை.

செல்லப்பாண்டி பயணத்தை ரத்து செய்துவிட்டதால் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையே கொண்டுவருகிறார். அவர் அப்பாவை ரோஷக்காரர் என்று எழுதிய பக்கம் உள்ளேதான் இருக்கிறது, பயமில்லை, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாராம், ரயில் குர்லா தாண்டுவதற்குள் உங்கள் பெயர்கூட முடியாது.

இன்னொன்று. மூடி லேசாக ஆடுகிறது என்று அவர் பூஜையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கீலை முறுக்கினார். நான் பதறிப்போய் பானுமதியைப் பார்த்தேன். காலையிலிருந்து என்னை ஒரு ஆணியைக்கூடத் தொடவிடாத உங்கள் தங்கை, "வீட்டுப் பிள்ளதான, தொட்டா என்ன" என்று சொல்லிவிட்டு, அவருக்குச் சுண்டல் எடுக்க உள்ளே போனாள்.