வட்டவிதானையார் பிடித்த வெள்ளை மாடு

ரொறன்ரோவில் மேயருக்கு அடுத்தபடியாக அதிகாரம் உள்ள மனிதர் ரெக்ஸ்டேலில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பேஸ்மென்ற் அறை ஒன்றில் குடியிருந்தார். மேயருக்காவது வாக்குப் போட ஆட்கள் வேண்டும். இவருக்கு அதுவும் தேவைப்படவில்லை. குடிவந்த அன்று எங்கள் ட்ரைவ்வேயை ஒருமுறை மேலும் கீழும் நடந்து பார்த்தார். பின்னேரமே பதவி ஏற்றுக்கொண்டார்.

சொந்தப் பெயர் தபால்காரருக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் வட்டவிதானையார். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம், என் ஊரும் அங்கேதான், வயல்காரர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக வைப்பார்கள். எப்போது விதைப்பது, வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எப்போது, அடுத்தவன் பயிருக்குள் புகுந்த மாட்டை என்ன செய்வது, எல்லாம் அவர் சொல்வதுதான். அவரை வட்டவிதானை என்போம். இவர் அங்கே அப்படி இருந்தவர் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். குரல் அப்படி.

அந்த ட்ரைவ்வே ஒரு கார் அகலம்தான். மூன்று கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இரவில் தெருவில் விட்டால் அபராத டிக்கெட். உள்ளே நிற்பவர் வெளிக்கிட வேண்டுமென்றால் வெளியே நிற்பவரை எழுப்ப வேண்டும். மேல்மாடியில் வீட்டுக்கார அன்ரி, நடுத்தளத்தில் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் நாதன் அண்ணை, பேஸ்மென்ற்றில் வட்டவிதானையாருக்குப் பக்கத்து அறையில் நான். விடியற்காலையில் ஒருவர் கதவை மற்றவர் தட்டித் தட்டி, முகம் பார்த்துக் கதைக்காத நிலைக்கு வந்திருந்தோம்.

வட்டவிதானையாரிடம் காரும் இல்லை, லைசென்ஸும் இல்லை. அதனால்தான் தனக்கு நடுநிலை இருக்கிறது என்பார். தினமும் பின்னேரத் தேநீருக்குப் பிறகு கூட்டம். ஒரே கேள்வி: “நாளைக்கு ஆரு தூரம் போறது?” தண்ணீர் குறைந்த காலத்தில் வாய்க்காலின் கடைசி வயலுக்கே முதலில் விட வேண்டும் என்பது அவருடைய ஊர்ச் சட்டம். ஆகவே தூரம் போகிறவருக்குத் தெருப்பக்கமாக வாசலோர இடம். பக்கத்தில் போகிறவர் உள்ளே.

அன்ரி யாழ்ப்பாணத்தவர், விட்டுக்கொடுப்பாரா?

“இது என்ர வீடு. என்ர ட்ரைவ்வே.”

“வீடு உங்கடதான் பிள்ள, அது மேல இரிக்கு. இது வாய்க்கால்.”

அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஆனால் காரை உள்ளேதான் விட்டார். ஒருமுறை நாதன் அண்ணை வாசலோர இடத்துக்காக, ஒட்டாவா போகிறேன் என்று பொய் சொன்னார். மறுநாள் மூலைக் கடையில் கருவாடு தெரிவு செய்துகொண்டு நின்றவரை வட்டவிதானையார் கண்டுவிட்டார். அந்தக் கிழமை வானத்திலிருந்து விழுந்த ஸ்னோ முழுவதையும் நாதன் அண்ணை தனியாக அள்ளினார்.

இப்படியே நல்லபடி நடந்தது, வெள்ளை மாடு வரும்வரை.

எனக்கு, ரொறன்ரோவுக்கு மறுபக்கம் மார்க்கம் என்ற ஊரில் ஒரு கம்பனியில் இன்ரவியூ கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். நான் இங்கே தங்கும் பெர்மிற் முடியப்போகிறது, இந்த வேலை கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். இன்ரவியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் அப்பாவுக்குப் போனில் சொன்னேன். அவர் வேலை கிடைத்துவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கோயிலில் பொங்கலும் வைத்துவிட்டார். பொங்கிய பொங்கலைத் திருப்பி அரிசி ஆக்க முடியாது.

முதல்நாள் கூட்டத்தில் வாசலோர இடம் எதிர்ப்பில்லாமல் எனக்குக் கிடைத்தது. பின்னேரம் ஸ்னோ கொட்டத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பெரிய வெள்ளைக் காரைக் கொண்டுவந்து என் காருக்குப் பின்னால், எங்கள் ட்ரைவ்வே வாயிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் படித்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது. வட்டவிதானையாருக்குத் தெரிந்தது. அவர் ஒரு சங்கிலியைச் சக்கரத்துக்குள்ளால் விட்டு, காரை மேப்பிள் மரத்தோடு சேர்த்துக் கட்டிப் பூட்டினார். திறப்பை அரைநாண் கயிற்றில் முடிந்துகொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

பயிருக்குள் வந்த மாட்டைப் பிடித்துக் கட்டுவது ஊரில் குற்றமில்லை, கடமை. சொந்தக்காரன் வந்து கேட்க வேண்டும். கேட்டால் தண்டம் சொல்லி அவிழ்த்துவிடுவார்கள். நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் சிவப்பி ஒருவருடைய வயலில் கதிர் தின்று கட்டுப்பட்டது. அப்பா போய் நின்று, “என்ட மாடுதான், பிழைதான்” என்றார். வேலியைக் கட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். கட்டினார். நானும் தடி பிடித்தேன். அந்த வயல்காரர் மத்தியானம் எங்களுக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் யாரும் அதை அவமானமாக நினைக்கவில்லை.

காலையில் நான் கோட்டும் ரையுமாக வெளியே வந்தபோது, ட்ரைவ்வேயில் சீக்கிய இளைஞன் ஒருவன் போனைக் கையில் பிடித்தபடி கொதித்துக்கொண்டு நின்றான். எதிரே, சாரத்துக்கு மேல் ஜாக்கெட்டுடன், பிளாஸ்டிக் கதிரையில் வட்டவிதானையார். தலைக்கு மேல் குடை. குடைக்கு மேல் ஸ்னோ.

விஷயம் விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவன் முன்வீட்டில் இருக்கும் தன் தாத்தாவைப் பார்க்க வந்தவன். அவர்கள் வாசல் நிரம்பியிருந்ததால் இங்கே விட்டானாம். இருட்டோடு வேலைக்குப் போயிருப்பானாம், காரைக் கட்டியிருக்கிறார்களாம், பொலிசுக்குப் போன் அடிக்கப் போகிறானாம். அதாவது, வட்டவிதானையார் சட்டம் பார்க்காமல் பேசாமல் படுத்திருந்தால் நான் எழும்பும்போது வாசல் வெறுமையாக இருந்திருக்கும்.

“ஏன் கட்டினீங்க?” என்றேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

“அவன்ட மாடு நம்மட வயலுக்குள்ள வந்திரிக்கு மனே. முதல்ல ஒழுங்காக் கேக்கச் சொல்லு.”

இன்ரவியூவுக்கென்று இரண்டு கிழமை கண்ணாடி முன் நின்று பழகிய ஆங்கிலம் முழுவதையும், ஒரு கார் எப்படி மாடு ஆகும் என்று அவனுக்கு விளக்குவதில் செலவழித்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் நானும் அந்தக் கட்டுப்பட்ட மாடு போலத்தான் நின்றேன்.

சத்தம் கேட்டு முன்வீட்டுத் தாத்தா தலைப்பாகையும் கம்பளியுமாக வந்தார். பேரன் பஞ்சாபியில் முறையிட்டான். தாத்தா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. சங்கிலியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். பிறகு மெதுவாக இரண்டு விரல்களைத் தன் தலைக்கு மேல் கொம்பு போல வைத்து, புருவத்தை உயர்த்தினார்.

“ஓம்” என்று தலையாட்டினார் வட்டவிதானையார்.

தாத்தா பேரனின் முதுகில் ஒன்று வைத்தார். பேரன் வாய்க்குள் ஏதோ சொல்லி, மன்னிப்புக் கேட்டான். திறப்பு அரையிலிருந்து வெளியே வந்தது, சங்கிலி அவிழ்ந்தது, வெள்ளைக் கார் பின்னால் நகர்ந்தது. நான் ஓடிப்போய் என் காரில் ஏறித் திறப்பைத் திருப்பினேன்.

கார் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. மறுபடி திருப்பினேன், அந்த இருமலும் இல்லை. போனில் ராக்சி தேடினேன், அந்த ஸ்னோவுக்குள் வர ஒருவரும் இல்லை. ஸ்ரியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு பொங்கலை நினைத்தேன்.

கண்ணாடியில் தட்டினார் வட்டவிதானையார்.

“இறங்கு மனே. தண்டம் இன்னும் சொல்லல்ல.”

பிறகு பேரனைப் பார்த்து, என்னைக் காட்டி, தூரத்தைக் காட்டிக் கையை நீட்டி, ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: “மார்க்கம்.”

அதை மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை. தாத்தாவே வெள்ளைக் காரின் கதவைத் திறந்து என்னை உள்ளே தள்ளினார். பேரன் கொஞ்சத் தூரம் முறைத்துக்கொண்டு ஓட்டினான். நெடுஞ்சாலை ஏறியதும் சிரிக்கத் தொடங்கினான். மாட்டுக் கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னான். நானும் சொல்லச் சொல்ல, என் ஆங்கிலம் திரும்பி வந்தது. நேரத்துக்கு இறக்கிவிட்டான்.

உள்ளே, நெருக்கடியை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார்கள். காலையில் நடந்ததைச் சொன்னேன். அப்பாவின் பொங்கல் பொய்யாகவில்லை.

பிறகொரு நாள் றிச்மண்ட் ஹில் கோயிலில் வட்டவிதானையாரின் ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்தேன். போனில் படத்தைக் காட்டி, இந்த வட்டவிதானையைத் தெரியுமா என்றதும் அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பிரசாதம் சிந்தியது. “அவரா? அவர் எங்கயும் வட்டவிதானையா இருக்கல்ல. அவர்ட மாடு கட்டுப்படாத மரம் எங்கட ஊரில இல்ல.”

நேரே போய்க் கேட்டேன். அவர் வெட்கப்படவே இல்லை. “பின்ன எப்பிடி மனே எனக்குச் சட்டமெல்லாம் இவ்வளவு தெரியும்?” என்றார்.

இப்போது நான் மார்க்கத்தில் இருக்கிறேன். இங்கே ட்ரைவ்வேக்கள் அகலம், யாரும் யாரையும் கேட்காமலே வெளிக்கிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெக்ஸ்டேல் போவேன். என் அறைக்கு வந்த புதுப் பொடியனிடமும் கார் இருக்கிறது. அவன் உள்ளே நெருக்கி விட்டிருப்பான், வாசலோர இடத்தில் அந்தப் பிளாஸ்டிக் கதிரை இருக்கும். ஏன் என்று ஒருமுறை அவன் கேட்டானாம். தூரத்தில் இருந்து ஒருவன் வருவான் என்றாராம் வட்டவிதானையார்.

என் கார் தெருவில் திரும்பும் சத்தம் கேட்டதும் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கதிரையைத் தூக்குவார். அவர் தூக்கும்வரை நான் தெருவிலேயே காத்து நிற்பேன்.