இருட்டறையில் ஒரு மலை

நிலக்காட்சித் துறைக்கு ஒரே ஒரு வேலைதான். வருடத்துக்கு ஒருமுறை எதிரே இருக்கும் மலையைப் படம் எடுத்து, மலை இருக்கிறது என்று உறுதி செய்யவேண்டும். இந்த மகத்தான பணிக்கு ஓர் இயக்குநர், துணை இயக்குநர்கள், இணைத் துணை இயக்குநர்கள், எல்லோருக்கும் கீழே, போனால் போகிறதென்று ஒரு புகைப்படக்காரர்.

அவரை அலுவலகத்தில் 'ஒரே கிளிக்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபிலிம் வீணாகக் கூடாதென்று, வெயில் சரியாக விழும்வரை காத்திருந்து ஒரே ஒரு படம் எடுப்பார். பிறகு, ஜன்னலுக்குப் பலகை அடித்த இருட்டறைக்குள் போய் அதைக் கழுவி எடுப்பார். அவருக்கு மலை என்றால் உயிர். "மூக்கு பெருசா விழுந்திருக்கு" என்று மலை ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்லை.

அந்த வருடம் சுற்றறிக்கை வந்தது. 'காலத்தின் கட்டாயம் கருதி' துறை டிஜிட்டலுக்கு மாறுகிறது. இருட்டறை இனி காட்சிக்கூடம். முதல் டிஜிட்டல் மலையை அமைச்சரே திறந்துவைப்பார். காட்சிக்கூடத்தில் பெரிய சட்டமும் அதை மூடத் துணித்திரையும் உடனே மாட்டியாகிவிட்டது. படம் மட்டும்தான் பாக்கி.

ஒரே கிளிக் புதுக் கேமராவோடு போய், வழக்கம்போல ஒரு படம் எடுத்துவந்தார்.

இயக்குநர் எகிறினார். "ஒண்ணுதானா? இதுல ஆயிரக்கணக்குல எடுக்கலாமாமே! கேமராவை முழுசாப் பயன்படுத்தலைன்னா மேலிடத்துக்கு யாருய்யா பதில் சொல்றது?"

"மலை நகராதுங்களே, ஐயா."

"அது மலையோட குறைபாடு. போய் எடுங்க. இல்லேன்னா அடையாள அட்டைப் பிரிவுக்கு மாத்திடுவேன்."

அங்கே நாள் முழுக்க மனித முகங்கள். ஒரே கிளிக் மறுபடியும் மலைக்கு ஓடினார். விரல் மரத்துப்போகும்வரை எடுத்துத் தள்ளினார்.

சிறந்த படத்தைத் தேர்ந்தெடுக்கக் குழு கூடியது. ஃபிலிமில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: பிடிக்காததை அங்கேயே அழித்துவிடலாம். "இதுல மேகம் கொஞ்சம் அலட்சியமா நிக்குது" என்று இயக்குநர் ஒன்றை அழித்தார். மேலதிகாரி அழிக்கும்போது கீழே உள்ளவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் மரியாதையா? ஆளுக்கொன்றாக அழித்தார்கள். ருசி கண்ட பூனைகள் நிறுத்துமா? டீ வந்தபோது மலையே இல்லை.

வாசலில் அமைச்சரின் கார் வந்து நின்றது.

"மலை எங்கய்யா?" என்றார் இயக்குநர்.

"நீங்கதானே ஐயா அழிச்சீங்க!"

"அழிச்சது குழு. அடையாள அட்டைப் பிரிவுக்குப் போறது நீங்க."

ஒரே கிளிக் காட்சிக்கூடத்துக்கு ஓடினார். வெறும் சட்டம் அந்தப் பழைய ஜன்னலின் மேல்தான் தொங்கியது. பலகைகளைப் பிடுங்கினார். ஜன்னல் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுத் திரையை மூடினார்.

அமைச்சர் திரையை விலக்கினார். "அடேயப்பா, என்ன தெளிவு! மேகம் நகருதே!"

"டிஜிட்டலுங்க ஐயா" என்றார் இயக்குநர், கூசாமல்.

"அந்த மாடுதான் உறுத்துது. எடுத்துடுங்க."

இணைத் துணை இயக்குநர்கள் படியிறங்கி ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் மாடு படத்தைவிட்டு வெளியேறியது. பின்னாலேயே அவர்களும் வெளியேறினார்கள். அமைச்சர் கைதட்டினார்.

ஒரே கிளிக் பிழைத்தார். மறுநாள் முதல் ஊரே வரிசையில் நின்று பார்த்தது. மலையடிவாரத்தில் அவரோடு குடித்தனம் நடத்தும் மனைவியும் வந்தாள். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதுவா நம்ம மலை? தினம் துணி காயப்போடறப்ப பாக்கறேனே, இவ்வளவு பச்சை எங்க இருக்கு? எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. என் காதுல பூ சுத்தாதீங்க."

வரிசை முழுக்க ஆமாம் என்று தலையாட்டியது. ஒரே கிளிக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தவர், எதற்கும் இருக்கட்டுமென்று ஒருமுறை படத்தை உற்றுப் பார்த்தார்.

பச்சை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது.