ஏற்கெனவே வென்ற ஆட்டத்தைத் தோற்றது எப்படி

பந்தையும் மட்டையையும் கண்டால் எல்லா விளையாட்டும் தனக்குத் தெரியும் என்று நினைப்பது யாழ்ப்பாணத்து ஆம்பிளைகளுக்குப் பொதுவான வருத்தம், மருந்தில்லாத நோய். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

என் மகள் ஆரணி கட்ட விரும்பிய பெடியன் லூக்காஸ். அவனுடைய அப்பா யோர்க், ஜெர்மனியில் வுப்பர்டால் நகரத்து பேஸ்போல் கழகமொன்றின் தலைவர். நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்கத் தொழில்முறை வீரர்கள் ஆடிய ஓர் ஆட்டத்தை, அதே மாதிரிக் கம்பளிச் சட்டையோடு, ஒவ்வொரு கோடையிலும் பந்துக்குப் பந்து ஆடிக்காட்டுவார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும். (கோயில் சூரன்போர் மாதிரி. எந்த வருடம் சூரன் வென்றான்?)

சம்பந்திகளின் முதல் சந்திப்பு அங்கேதான். மனைவி இன்னும் கலியாணத்துக்கு ஓம் சொல்லவில்லை.

"நல்ல பெடியன்தான். ஆனா எங்கட கதை ஒண்டும் விளங்காதே. நாளைக்கு வீட்டில என்னத்தைக் கதைக்கிறது?"

போய் இறங்கினால், கடைசி அடி அடிக்கவேண்டியவருக்கு முதுகு பிடித்துவிட்டது. "நான் கிரிக்கெட் ஆடினனான்" என்று என் வாய் தானாகத் திறந்தது. (பன்னிரண்டாவது ஆள். தண்ணி கொண்டுபோனேன்.)

வேலை சுலபம். மெதுவாக வரும் பந்தைத் தட்டிவிட்டு, மட்டையைப் போட்டுவிட்டு, வலப்பக்கம் இருக்கும் முதல் தளத்துக்கு ஓடவேண்டும். எறிபவர் வேண்டுமென்றே பந்தைத் தவறவிடுவார். மூன்றாம் தளத்தில் நிற்கும் எங்கள் பக்கத்து லூக்காஸ், நான் அடித்த இடத்துக்கு ஓடிவந்து சேர்ந்தால் சமநிலை உடையும், வெற்றி.

"அப்பா, அடிச்சா ஓடுங்கோ. வேற ஒண்டும் செய்யவேண்டாம்" என்றாள் ஆரணி.

"எனக்கே சொல்லித்தாறியோ?"

தட்டினேன். பந்து எறிபவரின் காலடிக்கே போனது. சொன்னபடி தவறவிட்டார். ஆனால் பந்து அவ்வளவு கிட்டக் கிடக்கும்போது எவன் ஓட்டம் எடுப்பான்? கையை உயர்த்திக் கத்தினேன்: "நில்லும் தம்பி, நில்லும். ரன் இல்லை." பிறகு, அங்கே இல்லாத விக்கெட்டைக் காத்தபடி மட்டையை ஊன்றி நின்றேன்.

பாதி வழி வந்த லூக்காஸ் சடாரென்று நின்று, திரும்பித் தன் தளத்துக்கே ஓடினான். எறிபவர் பாவம், பந்தை எடுத்து இன்னொருமுறை தவறவிட்டார். மூன்றாம் முறை அவருக்கே வெட்கமாக இருந்திருக்கும். முதல் தளத்துக்கு எறிந்தார். நான் அவுட்.

மைதானம் செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. அதற்கு மேல் என்ன ஆடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. ஏன் நின்றாய் என்று யோர்க் மகனிடம் ஜெர்மனில் கேட்டார். அவன் என்னைக் காட்டி, தமிழில் சொன்னான்:

"மாமா நில்லும் எண்டவர்."

மனைவி கடித்த மீன் ரோல்ஸை விழுங்காமல் ஆரணியைப் பார்த்தாள்.

"ஒளிச்சு ஒளிச்சுத் தமிழ் படிக்கிறார் அம்மா. உங்களுக்கு முன்னால கதைக்க வெட்கம்."

"இந்த மனுசன் சொல்லி ஒராள் கேட்டது இதுதான் முதல்தரம்" என்றாள் மனைவி. "எனக்கு ஓம்."

யோர்க் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அப்படியென்றால் இனி உண்மையாகவே விளையாடுவோம் என்றார். விளையாடினோம். தோற்றோம். இத்தனை கோடையில் இன்றைக்குத்தான் நெஞ்சு படபடத்தது என்று அவர் என் முதுகில் அடித்துச் சிரித்தார்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் கலியாண வீடியோவில் ஓர் இடத்தைத்தான் முதலில் போட்டுக்காட்டுகிறோம். தாலி கட்டும் நேரம் கமராக்காரர் "தம்பி, ஒருக்கா நில்லும்" என்கிறார். லூக்காஸ் தாலியோடு அப்படியே நின்று என்னைப் பார்க்கிறான். முன்வரிசையில் வேட்டியைப் பிடித்தபடி எழும்பிய யோர்க், தான் பாடமாக்கி வைத்திருந்த ஒரே தமிழில் கத்துகிறார்:

"ஓடும் தம்பி, ஓடும்."