ஜெ. குடும்பத்தார்

சேலையூர்
10.7.2006

அன்பும் மரியாதையுமுள்ள ரத்தினபாய் அக்காவுக்குத் தம்பி ஜெபசீலன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசுதான் சரியில்லை.

என் மகள் கிறிஸ்டிக்கு நிச்சயித்திருக்கும் மெர்வின் மாப்பிள்ளை, எங்கள் சபைக் குடும்பங்களின் விவரப் புத்தகத்தை எக்ஸ்எம்எல் என்ற கம்ப்யூட்டர் முறையில் தொகுத்துத் தருவதாகச் சொன்னார். அதற்கு ஸ்கீமா வேண்டுமாம். எந்த விவரம் எங்கே வரவேண்டும் என்று கம்ப்யூட்டருக்குப் போடும் சட்டம். கிடைத்த வெளிநாட்டு ஸ்கீமா ஆளாளுக்குக் குடும்பப் பெயர் கேட்டது, நமக்கு ஏது குடும்பப் பெயர், இருப்பது ஒரு இனிஷியல், மாப்பிள்ளை சட்டத்தைத் திருத்தி அந்த இடத்தில் இனிஷியலைப் போட்டு ஓட்டினார், ஒரு பிழையும் இல்லை என்றது கம்ப்யூட்டர், புத்தகம் அச்சாகி நேற்று ஆராதனையில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். திறந்து பார்த்தேன் அக்கா. குடும்பப் பெயர் ஒன்றென்றால் குடும்பமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டதில், ‘ஜெ.’ இனிஷியல்காரர்கள் அத்தனை பேரும் ஒரே குடும்பம். தலைவர், அறுபது வயதாகியும் கல்யாணமே செய்யாத பாடகர் குழு வில்பிரட். அவருக்கு மனைவி, என் மனைவி ரெஜினாள். பிள்ளைகள் கிறிஸ்டியும், ஜெயராஜ் மகன் மெர்வினும். நம் அப்பா பெயரில் ‘ஞா.’ போடும் நான் வேறொரு பக்கத்தில் ஒண்டிக்கட்டையாகக் கிடந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆயர் கிறிஸ்டி, மெர்வின் திருமண ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார். வில்பிரட் எழுந்தார்.

“ஐயா, புக்குபடி ரெண்டு பேரும் என் பசங்க. அண்ணன் தங்கச்சிக்கு எப்படி ஓலை படிப்பீங்க?”

சபையே சிரித்தது, ஆயர் சிரிக்கவில்லை. புத்தகம் சரியாகட்டும், அடுத்த ஞாயிறு வாசிக்கலாம் என்றுவிட்டார். கிறிஸ்டி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்தார். கட்டத்தில் எழுத்து இருக்கிறதா என்றுதான் கம்ப்யூட்டர் பார்க்குமாம், யாருடைய எழுத்து என்று பார்க்காதாம். இனி இனிஷியல் வேண்டாம், ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னாலும் முழுப்பெயர் வரும், அதைத் தகப்பனார் பெயராக எடுத்துக்கொள் என்று சட்டத்தை மாற்றிவிட்டார். கவலை தீர்ந்தது. ஞாயிறு ஓலைக்கு நீங்களும் அத்தானும் அவசியம் வாருங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

அன்புத் தம்பி,
ஞா. ஜெபசீலன்

பி.கு.: ரயில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். திருத்திய புத்தகம் இப்போதுதான் வந்தது, இந்த முறையும் பிழையே இல்லையாம். மாப்பிள்ளை ஆசையாக ‘கிறிஸ்டி மெர்வின்’ என்று இப்போதே பதிந்துவைக்க, அவள் அவருக்கு மகளாகிவிட்டாள். ‘ரெஜினாள் ஜெபசீலன்’ எனக்கு மகள். பழைய புத்தகமே பரவாயில்லை என்கிறார் வில்பிரட்.