செபஸ்தியாருக்குச் செய்த அகலச் சப்பரம்

கிறிஸ்தவ உலகம் இத்தனை நூற்றாண்டுகளாகப் புனிதர்களை வணங்கித்தான் வந்திருக்கிறது. ஒரு புனிதரைப் 'பாதுகாத்த' பெருமை வெண்ணந்தூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டிக்கு மட்டுமே உண்டு. அதன் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

எங்கள் பாதுகாவலர் புனித செபஸ்தியார், ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் படையில் அதிகாரி. நல்ல உத்தியோகம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சிறையில் கிடந்த கிறிஸ்தவர்களுக்குத் தைரியம் சொல்லப்போய், மரத்தில் கட்டிவைத்து அம்பெய்துவிட்டார்கள். முறைப்படி மனுக் கொடுத்திருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது கமிட்டியின் கருத்து. ஆனாலும் பெரிய மனசு பண்ணி ஒவ்வொரு தை மாதமும் அவருக்குச் சப்பரம் எடுக்கிறோம்.

கோயிலுக்கு இடப்புறம் எங்கள் கிழக்குத் தெரு. வலப்புறம் காலனித் தெரு. சப்பரம் இடப்புறம் மட்டும் திரும்பும். இதற்குப் பெயர் 'மரபு'.

இந்த வருடக் கூட்டத்துக்குக் காலனியிலிருந்து சரிதா வந்தாள். அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ்.

"ஏனுங்க, எங்கம்மா இடுப்பொடிஞ்சு படுத்துக்கெடக்குதுங்க. இன்னொரு திருநாளு பாக்குமான்னு தெரியலீங்க. இந்த வருசமாவது சப்பரம் எங்க ஊட்டு வாசலுக்கு வரட்டுங்க."

போர்வெல் வண்டிகள் வைத்திருக்கும் எங்கள் தலைவர் இன்னாசிமுத்து உருகிவிட்டார். "அம்மிணி, நாங்க என்ன சாதியா பாக்கறம்? உங்க தெருவுல கரண்டு ஒயரு தாழத் தொங்குது. புனிதருக்கு ஷாக் அடிச்சுப்போட்டா யாரு பதில் சொல்றது?"

ஏற்கெனவே அம்பு பட்ட மனிதர். தலைவரின் அக்கறை நியாயமானதே.

காலனிக்காரர்கள் மின்வாரியத்துக்கு நடையாய் நடந்து ஒயரை உயர்த்திவிட்டார்கள். இந்த ஒத்துழைப்பைக் கமிட்டி எதிர்பார்க்கவில்லை. அவசரக் கூட்டம் போட்டு, தோளில் சுமக்கிற பழைய சப்பரத்தை விறகுக்குப் போட்டுவிட்டு, காலனிக்குள் நுழைய முடியாத அகலத்தில் புதுச் சப்பரம் செய்வதென்று 'பக்தியோடு' முடிவெடுத்தோம். நானே டேப்போடு போய் அந்தத் தெருவை வீட்டுப் படிக்குப் படி அளந்தேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில், அந்த அளவுக்கு ஒரு முழம் கூட்டியே, டிராக்டர் இழுக்கிற சப்பரம் தயாரானது.

எங்கள் தெருவை யாரும் அளக்கவில்லை. எங்கள் தெரு அகலமானது என்பது எங்களுக்குத் தெரியாதா?

"உங்க வாசப்படியெல்லாம் இடிக்கும் அம்மிணி, மன்னிச்சுக்கோங்க" என்று சரிதாவிடம் வருத்தம் தெரிவித்தேன். மறுநாளே காலனியில் எல்லா வீட்டுக்காரர்களும் கடப்பாரையோடு இறங்கித் தங்கள் படிகளை இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

திருநாள் மாலை. பேண்டு முழங்க, செபஸ்தியார் வாசலைத் தாண்டி இடப்புறம் திரும்பினார். முதல் வீட்டிலேயே நின்றார். தலைவர் தெருவுக்குள் இழுத்துக் கட்டியிருந்த கார் போர்டிகோ. அதைத் தாண்டினாலும் பொருளாளரின் காம்பவுண்டுச் சுவர். அதற்கப்புறம் அடியேனுடைய பாத்ரூம்.

டிராக்டர்க்காரர் இறங்கிப் பார்த்தார். "இந்தப் பக்கம் போவாதுங்கண்ணா. காலனித் தெருவுல மட்டுந்தானுங்க தாராளமா போவும்."

"போர்டிகோவ இடிச்சுப்போடலாமுங்களா?" என்று யாரோ கேட்டார்.

"கிரானைட்டு போட்டிருக்குதுடா!" என்றார் தலைவர்.

காலனியில் சரிதாவின் அம்மாவைக் கட்டிலோடு வாசலுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். கிழவி கையில் மெழுகுவத்தி. "வந்துட்டாராடி?" என்று அவள் கேட்டது எங்களுக்கே கேட்டது.

சப்பரத்தின் பின்னால் நின்றபடியே கமிட்டி கூடியது. 'தொழில்நுட்பக் காரணங்களால்' பவனி ரத்து. புனிதரைக் கோயிலுக்குள் திருப்புவது என்று ஏகமனதாகத் தீர்மானம்.

சரிதா தலைவர் எதிரே வந்து நின்றாள். "அம்பு தெச்சுக் கெடந்தவர ஒரு விதவ தன்ற ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, மருந்து போட்டுப் பொழைக்க வெச்சாளாமுங்க. கோயில்ல நீங்கதான வாசிச்சீங்க? அவ ஊடு எந்தத் தெருவுலன்னு செபஸ்தியாரு கேட்டாருங்களா?"

தலைவர் பேண்டுக்காரர்களைப் பார்த்தார். "வாசிங்கடா!"

பேண்டு முழங்கவே புனிதரைக் கோயிலுக்குள் திருப்பினோம். பொறுப்பில் இருப்பவன் கலங்கக் கூடாது. நானே கோயில் கதவைச் சாத்தினேன்.

ரோமாபுரியில் நிர்வாகம் சரியில்லை. அம்பெய்தவர்கள், ஆள் செத்துவிட்டான் என்று அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் அவர் அந்த விதவையின் வீடு வரைக்கும் போக முடிந்தது. எங்களிடம் அந்தத் தப்பு நடக்காது. கோயிலைப் பூட்டியாயிற்று, சாவி தலைவர் இடுப்பில் இருக்கிறது.