சேட்டு பார்த்துக் கொடுத்த மூன்று கோழி

உலகத்தில் வாங்குகிறவன் உண்டு, விற்கிறவன் உண்டு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில், யாரும் கூப்பிடாமலே வந்து நிற்கிற மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அதற்குப் ‘பார்த்துத்தருவார்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். காசு கொடுப்பது நீங்கள். தூக்கிச் சுமப்பது நீங்கள். வீட்டில் திட்டு வாங்குவதும் நீங்கள்தான். பார்த்துத் தருவது மட்டும் அவர்.

இவரை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். எதைக் கண்டாலும் தட்டுவார். பூசணிக்காயைத் தட்டுவார், சரி. மண்பானையைத் தட்டுவார், அதுவும் சரி. கட்டிலைத் தட்டுவார், கதவைத் தட்டுவார், கலர் டிவியின் முதுகைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “உள்ள சரக்கு கீது” என்பார். அவரைக் கேட்காமல் நீங்களாக ஒரு மின்விசிறியை வாங்கி வந்து மாட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். வருவார். அண்ணாந்து பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி உங்கள் தோளில் கையை வைத்து, “சரி வுடு, ஆனது ஆயிப்போச்சு” என்பார். அவ்வளவுதான். அதுவரை சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி, அந்த நிமிஷத்திலிருந்து உங்கள் காதுக்கு மட்டும் டொக் டொக் என்று அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும்.

உத்திரமேரூரில் இந்த வகைக்கு ஒரு தலைவர் இருந்தார். பெயர் சேட்டு. வட்டிக்கடை சேட்டு இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயரே அதுதான். வயசு ஐம்பத்தைந்து. வாலிபத்தில் இருபது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவர். டிராக்டர் வந்து உழவு மாட்டுக்கு வேலை இல்லாமல் போனதும் தரகு நின்றது, பார்க்கிற கண் நிற்கவில்லை. சைக்கிள், தையல் மெஷின், மாப்பிள்ளை, கத்தரி நாற்று, எல்லாவற்றையும் மாடு பார்க்கிற கண்ணாலேயே பார்த்தார்.

ஆனால் இந்தக் கதை நடந்த வருஷம், அதாவது பஸ் நிலையத்துப் பக்கம் எஸ்.டி.டி. பூத்துகள் வரிசையாக முளைத்த வருஷம், சேட்டின் பேருக்குக் கொஞ்சம் கெட்ட காலம். தினேஷ்குமாருக்கு அவர் பார்த்துக் கொடுத்த கறவை மாடு, பாலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்தது. முக்கியமாக உதை. தினேஷ்குமார் காலில் கட்டோடு கடைத்தெருவில் நொண்டிக்கொண்டு போவதை ஊரே பார்த்தது. அதற்கப்புறம் நாலு மாதம், ஒரு தாம்புக்கயிறு வாங்கக்கூட யாரும் சேட்டைக் கூப்பிடவில்லை. ஜனங்கள் தாங்களாகவே போய், தாங்களாகவே வாங்கி, சந்தோஷமாக இருந்தார்கள். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன அவமானம் வேண்டும்?

இந்தச் சமயத்தில்தான் பாத்திரக்கடை ஹபீபுல்லா பாய் கோழி வாங்கப்போகிறார் என்ற செய்தி காதில் விழுந்தது.

பாய் வீட்டின் பின்னால் ஒரு தோட்டம். தோட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு கோரைப்பாய் விரித்தால் நிறைந்துவிடும். அதில் ரோஜா, மருதாணி, புதினா, ஒரு கறிவேப்பிலைக் கன்று என்று பாயின் மனைவி ஷாஜாதி அடைத்து வைத்திருந்தார். மகள் முஸ்கானைக் கட்டிக்கொடுத்து அனுப்பியபின் வீடு வெறிச்சென்று இருந்தது. மூன்று பெட்டைக் கோழி வேண்டும், சின்ன ரகமாக, ரோஜாப் பாத்தியைக் கிளறாத சாதுவாக, தினம் ஒரு முட்டையாவது போடுவதாக. இவ்வளவுதான் அந்த அம்மாள் கேட்டது.

சேட்டு சட்டையை மாட்டினார். அவர் மனைவி சொக்கம்மாள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

“எங்க கிளம்பிக்கினு கீற?”

“பாய்க்கு கோயி பாத்துத் தரணும்.”

“மாடு பாத்துக் குடுத்து ஒருத்தன் காலை ஒடிச்சாச்சு. இந்த வாட்டி யாரு கண்ணு?”

“கோயி இன்னா உதைக்கவா போவுது?”

“ந்தா மனுசா, ஒண்ணு சொல்றேன். மூணு கோயிகூட பாத்து வாங்கத் தெரியலன்னு ஆச்சு, அப்பால ஊர்ல ஒருத்தரும் உன்னைத் திரும்பிப் பாக்கமாட்டாங்க. வூட்டுல குந்திக்கினு எனக்கு அரிசி பொடைச்சுக் குடு.”

சேட்டு செருப்பை மாட்டிக்கொண்டு பாய் கடைக்கு நடந்தார். ஆனால் அவருக்கும் தெரியும். தன் இருபது வருஷப் பேர் இப்போது மூன்று கோழியின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது.

வாலாஜாபாத் சந்தையில் கோழி விற்கிற பாஞ்சாலி, கவிழ்த்த கூடை ஒன்றில் ஆறு, இன்னொன்றில் ஐந்து என்று இளங்குஞ்சுகளாக வைத்திருந்தாள். இரண்டு மாதம், இரண்டரை மாதம் இருக்கும். எல்லாமே சிறுவிடை என்கிற சின்ன ரக நாட்டுக்கோழி. உள்ளங்கையில் நிற்கும்போல இருந்தன.

சேட்டோடு வந்த பாய் விஷயத்தைச் சொன்னார். பாஞ்சாலி கூடையைத் தூக்கி மூன்றை எடுத்துக் காலைக் கட்டிக் கீழே விட்டாள். “இந்த மூணையும் எடுத்துனு போங்க பாய். மூணும் பொட்ட. ரெண்டு மூணு மாசம் போனா முட்டைக்கு வந்துடும்.”

காரியம் முடிந்தது. பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் சேட்டு எதற்கு வந்திருக்கிறார்?

ஒரு குஞ்சைத் தூக்கினார். தலையில் சுழி தேடினார். இல்லை. முதுகில் தேடினார். அங்கேயும் இல்லை. வாலைப் பிடித்து லேசாக முறுக்கினார். காளைக்கு ரோஷம் பார்க்கிற முறை அது. கோழி தன் ரோஷத்தை அவர் சட்டைமேல் விட்டது. துடைத்துக்கொண்டே, “ஜீரணம் நல்லா கீது” என்றார். பிறகு “நடக்க வுட்டுப் பாக்கணும்” என்று கால்கயிற்றை அவிழ்த்தார். அது நடக்கவில்லை, ஓடியது. கத்தரிக்காய்க் குவியலைத் தாண்டி, வளையல்காரர் கால் சந்தில் புகுந்து, பாதிச் சந்தை பின்னால் துரத்த, கடைசியில் ஒரு சைக்கிள் கேரியரில் பிடிபட்டது. கொண்டுவந்ததும் சேட்டு அதன் அலகைப் பிளந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

பாஞ்சாலி இதுவரை பொறுத்தாள். “இன்னாண்ணா பாக்கற?”

மாட்டுக்கு வயசு பார்க்கப் பல் எண்ணுகிற பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டார் என்பது அப்போதுதான் சேட்டுக்கே உறைத்தது. “சும்மா... தொண்டை.”

“பல்லு மொளைச்சதும் சொல்லி அனுப்பறேண்ணா. அதுவரைக்கும் கொடைச்சல் குடுக்காத.”

பக்கத்துக் கடைகளில் சிரித்தார்கள். சேட்டின் முகம் சுருங்கியது. அந்த நேரம் பார்த்து அவர் கண் இரண்டாவது கூடையில் விழுந்தது. உள்ளே நாலைந்து குஞ்சுகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மினுமினுவென்று, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

“அதுல கீறது?”

“அது வாணாம்ணா. அதெல்லாம் சேவக்குஞ்சு. நீங்க முட்டைக்குக் கேக்கறீங்க. அது ஆவாது.”

சேட்டு பாயின் கையைப் பிடித்து நாலடி தள்ளி இழுத்துப்போனார். குரலைத் தாழ்த்தினார். “பாத்தீங்களா பாய்? முதல்ல கேக்காமயே எடுத்துக் குடுத்தா பாரு, அது கழிச்சது. எதை வாணாம்ங்கறாளோ அதுதான் சரக்கு. இருபது வருசம் சந்தையில நின்னவன் நானு. விக்கறவன் வாயில நெசம் வந்து நான் பாத்ததே இல்ல.”

“அந்தம்மா தெளிவா சொல்லுதே சேட்டு, சேவல்னு...”

“அதான் பாய் சூது! வேற யார்க்கோ எடுத்து வெச்சிக்கினு கீறா.”

கவனியுங்கள். பொய்யைக் கண்டுபிடிக்க இருபது வருஷம் பழகிய மனிதர், ஒரே ஒரு பொம்பளை நிஜத்தைச் சொன்னதும் எப்படி வழுக்கி விழுந்தார் பாருங்கள். பாஞ்சாலி மூன்று தரம் சொன்னாள். ஒவ்வொரு தரமும் சேட்டின் சந்தேகம் உறுதியானது. கடைசியில் அவள், “உன் இஷ்டம்ணா, அப்பால என் தலையை உருட்டாத” என்று இரண்டாவது கூடையிலிருந்து மூன்றைக் கட்டிக் கொடுத்தாள்.

ஷாஜாதிக்கு அவை பிடித்துப்போயின. பிடிக்காமல் என்ன? என்ன நடை, என்ன மினுக்கு! பேகம், குலாபி, சோட்டி என்று பேர் வைத்தார். சேட்டு கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். தினேஷ்குமாரிடம்கூடச் சொன்னார். “பாய் வூட்டுக் கோயியைப் போய்ப் பாரு. அப்பால பேசு.”

ஒரு மாதம் போனது. ஒரு நாள் விடியற்காலை, புதினாப் பாத்தி ஓரம் நின்று, கழுத்தை நீட்டி, பேகம் கூவியது.

பாய் ஆளனுப்பினார். சேட்டு வந்தார். பேகத்தைச் சுற்றி வந்து பார்த்தார். “சில பொட்ட கூவும் பாய். உசந்த ரகத்துல அப்பிடி உண்டு.”

நாலாம் நாள் குலாபி கூவியது.

“பக்கத்துல நின்னு கேட்டுக் கேட்டுப் பயகிக்கிச்சு பாய். கொயந்தைங்க மாதிரிதானே.”

பாய் நல்ல மனிதர், சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டார். கடைத்தெருவில் அப்படி யாரும் வைத்துக்கொள்ளவில்லை. “சேட்டு, உன் கோயி முட்டை போட்டுச்சா, இல்ல கூவிக்கினேதான் கீதா?” என்று டீக்கடையில் தினேஷ்குமார் கேட்டான். மாடு உதைத்த காலை பெஞ்சின்மேல் நீட்டி வைத்துக்கொண்டு கேட்டான்.

இனி மிச்சம் சோட்டி ஒன்றுதான். சோட்டி இதுவரை வாயைத் திறக்கவில்லை. சேட்டு தினம் காலையில் நொய்யரிசியோடு போனார். சோட்டிக்குத் தனியாகக் கூடை வாங்கி, வைக்கோல் பரப்பி, அதன் எதிரில் குந்திக்கொண்டார். “ஒண்ணே ஒண்ணும்மா. ஒண்ணு போட்டாப் போதும்” என்று கெஞ்சினார். சொந்தப் பெண்ணின் பிரசவத்துக்குக்கூட அவர் அப்படிக் கவலைப்படவில்லை என்று சொக்கம்மாளே சொன்னாள். பத்து நாள். சோட்டி நொய்யைத் தின்றது, கூடையை மிதித்தது, போனது.

பதினோராம் நாள் காலை சேட்டு தோட்டத்திலிருந்து கத்தினார். “யம்மா! ஓடியாங்க! சோட்டி போட்டுடுச்சு!”

ஷாஜாதி ஓடிவந்தார். பாய் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். வைக்கோல் நடுவில் ஒரு முட்டை. பெரிசு, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. சிறுவிடைக் கோழி தன் உடம்பில் பாதியைக் கழற்றி வைத்தால்தான் அப்படி ஒன்று வரும். மளிகைக் கடை அட்டையில் முப்பது முப்பதாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதே முட்டை.

ஷாஜாதி அதைக் கையில் எடுத்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். சேட்டின் சட்டைப் பையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கோழியைப் பார்த்து, ரொம்பப் பிரியமாகக் கேட்டார்:

“ஏண்டி சோட்டி, கடைக்குப் போறப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பையைக் குடுத்து அனுப்பியிருப்பேனே?”

சோட்டி கூடை விளிம்பில் ஏறி நின்றது. நெஞ்சைத் தூக்கியது. கூவியது. முதல் கூவல், கொஞ்சம் கீச்சென்று, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

பாய் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆக, சேட்டின் பேர் அன்றோடு ஒழிந்தது என்று நினைக்கிறீர்களா? அப்படி நினைத்தால் பார்த்துத்தருவார்களை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். இரண்டு நாள் அவர் வெளியே வரவில்லை, உண்மை. சொக்கம்மாள் சொன்னபடி அரிசி புடைத்தார், அதுவும் உண்மை. மூன்றாம் நாள் டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தார். தினேஷ்குமார் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“கூடையில அஞ்சாறு கெடந்துச்சு. எடுத்தது மூணு. மூணும் அசல் சேவல். ஒண்ணாவது தப்பிச்சா? சொல்லு. இந்த ஊர்ல எவன் இப்பிடிப் பாத்து எடுப்பான், குஞ்சிலயே?”

தினேஷ்குமார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பாய் வீட்டுச் சேவல்களோ அதற்குள் தெருவே நின்று பார்க்கிற அழகாக வளர்ந்திருந்தன. பிரியாணிப் பேச்சை எடுத்த கணவனோடு ஷாஜாதி ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. ரோஜாவைக் கிளறினாலும் பரவாயில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்த வாரம் பழையசீவரத்திலிருந்து பச்சமுத்து என்பவர், வேண்டுதலுக்கு நல்ல சேவல் ஒன்று வேண்டும் என்று, விசாரித்துக்கொண்டு சேட்டின் வீட்டுக்கே வந்துவிட்டார். சேட்டு முறத்தைக் கீழே வைத்தார். சட்டையை மாட்டினார்.

சந்தையில் அவர் தலை தெரிந்ததும் பாஞ்சாலி எழுந்து நின்றாள்.

“வாண்ணா. இன்னா வோணும் இன்னிக்கு?”

“சேவல்.”

பாஞ்சாலி இரண்டு கூடையையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப நான் எதைண்ணா வாணாம்னு சொல்லணும்?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். சந்தையில் அந்த இரண்டாவது கூடையைப் பார்த்தபோது, ‘அட, கொண்டையைப் பார்த்தாலே தெரியுமே, காலின் கனத்தைப் பார்த்தாலே தெரியுமே, நான் மட்டும் அந்த இடத்தில் இருந்திருந்தால்...’ என்று உங்களுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்று சட்டையைத் தேடவில்லை?

தேடியதா? நல்லது. ஷாஜாதி அம்மாளுக்கு இன்னும் மூன்று பெட்டைக் கோழி வேண்டும். பாத்திரக்கடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்தான். போய் வாருங்கள்.